கனமான ஸ்குவாட்டுக்கு சப்போர்ட் கொடுப்பது எப்படி

“ப்ரோ, ஒரு சப்போர்ட் குடுங்க.” ஜிம்முக்குப் போகத் தொடங்கி இரண்டு மூன்று மாதம் ஆன யாரும் இதைக் கேட்காமல் இருந்திருக்க மாட்டார்கள். பெஞ்ச் பிரஸ் என்றால் தலைமாட்டில் நின்று ராடுக்குக் கீழே இரண்டு கையையும் வைத்துக்கொண்டு ஓரளவு சமாளித்துவிடலாம். ராடைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டுக்குக் கூப்பிடும்போதுதான் எங்கே நிற்பது, எதைப் பிடிப்பது, எப்போது பிடிப்பது என்று பலருக்கும் தெரிவதில்லை. தெரியாது என்று சொல்லவும் கூச்சமாக இருக்கிறது, அதனால் போய்ப் பின்னால் நின்றுவிடுகிறோம்.

நானும் அப்படித்தான் நின்றேன். முதன்முதலில் என்னைக் கூப்பிட்டவர் 120 கிலோ ஏற்றியிருந்தார், என்னைவிட நல்ல உடல்கட்டு, அவருக்கு என்ன ஆகிவிடப்போகிறது என்ற நினைப்பில் இரண்டடி தள்ளி நின்றுகொண்டு ரெப் (ஒருமுறை உட்கார்ந்து எழுந்தால் ஒரு ரெப்) எண்ணிக்கொண்டிருந்தேன். நான்காவது ரெப்பில் கீழே போனவர் எழவில்லை. நான் பதறிப்போய் ராடின் நடுப்பகுதியைப் பிடித்து என் பக்கமாக இழுத்தேன். அவர் பின்பக்கம் சாய்ந்துவிட்டார். பக்கத்தில் டம்பெல் அடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் ஓடி வந்து ஆளுக்கொரு முனையைத் தாங்கியதால் பெரிய விபரீதம் நடக்கவில்லை, ஆனாலும் அவர் தோள் சரியாக மூன்று வாரம் ஆயிற்று. அன்றைக்கு யாரும் என்னைத் திட்டவில்லை. அதன்பிறகு இந்த வேலையைத் தெரிந்தவர்களிடம் கேட்டுக் கேட்டு, செய்து பார்த்துக் கற்றுக்கொண்டேன். புதிதாக வருகிறவர்கள் அந்த முதல் நாள் அனுபவம் இல்லாமலேயே கற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

முதலில் உங்களால் எவ்வளவு முடியும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஒருவர் 140 கிலோவோடு கீழே மாட்டிக்கொண்டால் அந்த 140 கிலோவையும் நீங்கள் தூக்கப்போவதில்லை. அவர் காலில் இன்னும் பலம் இருக்கிறது. 140 எழவில்லை என்றாலும் 125, 130 கிலோவை அவரால் தள்ள முடியும், குறைகிற அந்தப் பத்துப் பதினைந்து கிலோவைத்தான் நீங்கள் கொடுக்கிறீர்கள். பின்னால் நிற்கும் ஒரு ஆளால் செய்ய முடிவது ஏறத்தாழ இவ்வளவுதான், அதுவும் அவர் விடாமல் தள்ளிக்கொண்டிருந்தால்.

அவருக்கு முட்டி மடங்கிவிட்டது, தலை சுற்றிவிட்டது, முதுகில் ஏதோ பிடித்துக்கொண்டு அப்படியே தளர்ந்துவிட்டார் என்று வையுங்கள். அப்போது மொத்த எடையும் கீழே வருகிறது. அரை ஸ்குவாட்டில், கைகளை முன்னால் நீட்டியபடி நிற்கும் எந்த மனிதராலும் அதைப் பிடிக்க முடியாது, எவ்வளவு பெரிய பயில்வானாக இருந்தாலும் சரி. 2025 பிப்ரவரியில் ராஜஸ்தானின் பிகானேரில், தேசிய அளவில் தங்கம் வென்ற யஷ்டிகா ஆச்சார்யா என்ற 17 வயது பவர்லிஃப்டிங் வீராங்கனை, பயிற்சியின்போது 270 கிலோ ராடு கழுத்தில் விழுந்து இறந்துபோனார். பயிற்சியாளர் கூடவே இருந்தார், அவருக்கும் அடிபட்டது. அந்தச் செய்தி வந்த நாள் முழுக்க எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. அவ்வளவு எடை கட்டுப்பாட்டை இழந்து வரும்போது அதை நிறுத்த இரும்புதான் வேண்டும், மனிதக் கை போதாது.

அதனால் கனமான ஸ்குவாட்டில் முதல் காவல், ராடை மாட்டி வைக்கும் ரேக்கில் உள்ள, ராடு விழுந்தால் தாங்கும் சேஃப்டி கம்பிகள். அதற்கு அடுத்த காவல்தான் நீங்கள். உங்கள் ஜிம்மில் சேஃப்டி இல்லாத வெறும் இரண்டு கால் ஸ்டாண்டு மட்டும்தான் என்றால், எழுவோமா மாட்டோமா என்று சந்தேகம் உள்ள எடையை ஒரே ஒருவரைப் பின்னால் நிறுத்திக்கொண்டு யாரும் முயலக்கூடாது. மூன்று பேர் வேண்டும். மூன்று பேர் கிடைக்கவில்லை என்றால் எடையைக் குறைத்து, இன்னும் இரண்டு ரெப் செய்யத் தெம்பு இருக்கும்போதே முடிக்கச் சொல்லுங்கள். “என்னால இதுக்கு சப்போர்ட் குடுக்க முடியாதுண்ணா, இன்னும் ரெண்டு பேரைக் கூப்பிடலாம்” என்று சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. கேட்டவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

ராடு தோளுக்கு ஏறுவதற்கு முன்

நேரே போய்ப் பின்னால் நிற்காமல் ரேக்கை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். அரை நிமிட வேலை.

இரண்டு பக்கமும் பிளேட்டை எண்ணுங்கள். ஒரு பக்கம் 20, இன்னொரு பக்கம் 15 என்று மாற்றிப் போட்டுவிடுவது நாம் நினைப்பதைவிட அடிக்கடி நடக்கிறது, அதுவும் எண் அழிந்துபோன பழைய பிளேட்டுகள் கலந்து கிடக்கும் இடங்களில். ராடு எது என்றும் பாருங்கள். முழு அளவு ஒலிம்பிக் ராடு 20 கிலோ, 2.2 மீட்டர் நீளம். பெண்களுக்கான ஒலிம்பிக் ராடு 15 கிலோ. சின்ன ஜிம்களில் இவற்றோடு எடை தெரியாத மெல்லிய ராடுகளும் கிடக்கும். நேற்று ஒரு ராடில் செய்துவிட்டு இன்றைக்கு வேறு ராடில் அதே பிளேட்டைப் போட்டால் எடை ஐந்து பத்து கிலோ மாறிவிடும், தூக்குகிறவருக்கு அது கீழே போன பிறகுதான் தெரியும்.

பிளேட் நழுவாமல் பிடிக்கும் லாக் இரண்டு முனையிலும் இருக்க வேண்டும். ஸ்குவாட்டில் இதற்கு விதிவிலக்கே கிடையாது. ராடு கொஞ்சம் சாய்ந்தாலும் லாக் இல்லாத பக்கத்துப் பிளேட் வழுக்கி விழும், அந்தப் பக்கம் இலேசானதும் எதிர்ப்பக்கம் தடாலென்று கீழே இழுக்கும், நடுவில் இருப்பவரின் இடுப்பும் முதுகும் அதோடு சேர்ந்து முறுக்கிக்கொள்ளும்.

ராடு உட்கார்ந்திருக்கும் கொக்கி அவர் நெஞ்சு உயரத்தில், அக்குளுக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். நுனிக்காலில் எம்பி எடுக்க வேண்டிய உயரத்தில் இருந்தால், எடுக்கும்போது எப்படியோ எடுத்துவிடுவார், களைத்துப்போய்த் திரும்பி வைக்கும்போது எம்ப முடியாது. 

இப்போது சேஃப்டி கம்பி. இதைக் கண்ணால் மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வெறும் ராடை வைத்து அவரை முழு ஆழத்துக்குப் போகச் சொல்லுங்கள். அந்த இடத்தில் ராடுக்கும் சேஃப்டிக்கும் இடையே இரண்டு மூன்று விரல் இடைவெளி இருந்தால் சரி. அதைவிட மேலே இருந்தால் ஒவ்வொரு ரெப்பிலும் ராடு போய் இடித்து அவரை நிலைகுலைய வைக்கும். ஒரு முழம் கீழே இருந்தால் அது இருந்தும் பயனில்லை, அவர் மடங்கி உட்கார்ந்த பிறகுதான் ராடு அங்கே போய்ச் சேரும். இரண்டு பக்கமும் ஒரே துளையில் மாட்டியிருக்கிறதா என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

தரையைப் பாருங்கள். வியர்வை, சிந்திய தண்ணீர், யாரோ உருட்டிவிட்ட டம்பெல், மடங்கிக் கிடக்கும் ரப்பர் மேட்டின் ஓரம் எல்லாம் உங்கள் காலுக்குத்தான் வரும், ஏனென்றால் நீங்கள் பின்னால் நகர்வதைப் பார்க்காமலேயே நகரப்போகிறீர்கள். செருப்போடு நிற்காதீர்கள். கழுத்தில் போட்டிருக்கும் துண்டைக் கழற்றி வையுங்கள். போனைக் கையில் வைத்துக்கொண்டு, வீடியோ எடுத்துக்கொண்டே சப்போர்ட் கொடுப்பது என்று ஒன்று கிடையாது. வீடியோ வேண்டும் என்றால் அதற்கு வேறு ஆளைப் பிடிக்கச் சொல்லுங்கள்.

பேசி முடிவு செய்ய வேண்டியவை

எத்தனை ரெப், அதில் எத்தனை உறுதியாக வரும் என்று கேளுங்கள். “அஞ்சு பண்றேன், நாலு கண்டிப்பா வரும், அஞ்சாவதுக்குப் பாத்துக்கோங்க” என்று சொன்னால் எங்கே கவனத்தைக் கூட்டுவது என்று உங்களுக்குத் தெரியும். ராடை எடுத்து வெளியே வருவதற்கு உதவி வேண்டுமா என்று கேளுங்கள். மாட்டிக்கொண்டால் எங்கே பிடிக்கப்போகிறீர்கள் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், “நெஞ்சைச் சுத்திப் பிடிப்பேன், சரியா?” என்று. அந்த நேரத்தில் திடீரென்று ஒரு கை மேலே பட்டால் பலர் பயந்துபோய்த் தள்ளுவதை நிறுத்திவிடுவார்கள்.

அப்புறம் அந்த ஒரு சொல். இதில்தான் நான் ரொம்பப் பிடிவாதமாக இருப்பேன். நம் ஆட்கள் மாட்டிக்கொண்டால் வாயில் என்ன வருகிறதோ அதைக் கத்துவார்கள். “விடு” என்பார் ஒருவர். அது “என்னை விடு, நானே எழுகிறேன்” என்பதா, “நான் ராடை விடப்போகிறேன்” என்பதா? “எடு” என்றால் உதவி கேட்கிறாரா, தனக்குத்தானே தெம்பு சொல்லிக்கொள்கிறாரா? “போதும்” என்றால் செட் (தொடர்ந்து செய்யும் ரெப்கள்) போதுமா, உங்கள் உதவி போதுமா? ஒரு நொடியில் இதற்கெல்லாம் அர்த்தம் பார்க்க முடியாது. அதனால் உதவிக்கு “பிடி” என்ற ஒரே சொல். அது வாயிலிருந்து வந்தால் கேள்வி கேட்காமல் பிடித்துவிடுவீர்கள் என்று இருவரும் ஒப்புக்கொள்ளுங்கள். சத்தமாகப் பாட்டு ஓடினால் குறைக்கச் சொல்லுங்கள், குறைக்க மாட்டார்கள் என்றால் கனமான அந்த ஒரு செட்டுக்காவது.

இன்னொரு கேள்வி, முடியாவிட்டால் ராடைப் பின்னால் தள்ளிவிடும் பழக்கம் அவருக்கு உண்டா? ஒலிம்பிக் பளுதூக்குதல் பழகியவர்கள் தனியாகச் செய்யும்போது ராடைப் பின்புறம் நழுவவிட்டு முன்னால் துள்ளிவிடுவார்கள். முழு ரப்பர் பிளேட்டும், விழுவதற்கேற்ற தரையும், பின்னால் ஆள் இல்லாத இடமும் இருந்தால் அது நல்ல முறைதான். நீங்கள் பின்னால் நிற்கும்போது அவர் அதைச் செய்தால் ராடு விழுவது உங்கள் முட்டியிலும் பாதத்திலும். “நான் பின்னாடி நிக்கிறேன், பின்னாடி போடாதீங்க” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் நிற்க வேண்டும். கட்டாயம் பின்னால்தான் போடுவேன் என்பவருக்குப் பின்னால் யாரும் தேவையில்லை, விலகி நின்றுவிடுங்கள்.

ஒரு ஆளாக நிற்பது

அவர் ராடை எடுத்து இரண்டு மூன்று அடி பின்னால் வரும்போது நீங்களும் அதே அடிகளை எடுத்து வையுங்கள். அவர் நின்றதும் அவருடைய பாதங்களைவிடச் சற்று அகலமாக உங்கள் பாதங்களை வைத்து, அவர் இடுப்பு பின்னால் வரும்போது உங்கள் மேல் இடிக்காத அளவுக்கு மட்டும் இடைவெளி விட்டு நில்லுங்கள். ஒரு சாண் இருந்தால் போதும். இரண்டடி தள்ளி நிற்பது வேடிக்கை பார்ப்பதுதான், நான் முதல் நாள் செய்தது அதைத்தான்.

கைகள் அவருடைய அக்குளுக்குக் கீழாக, விலாவின் இருபுறமும் முன்னால் போயிருக்க வேண்டும், உள்ளங்கை அவர் நெஞ்சைப் பார்த்தபடி. தொடக்கூடாது. ராடை ரொம்பக் குறுகலாகப் பிடித்து முழங்கையைப் பின்னால் தள்ளி வைத்திருப்பவர்களிடம் அக்குள் இடைவெளி குறைவாக இருக்கும், அவர்களுக்குக் கையைக் கீழ்விலா அருகில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் இறங்கும்போது நீங்களும் இறங்க வேண்டும். முதல் ரெப்பிலிருந்தே, ஒவ்வொரு ரெப்பிலும். குனிந்து கையை மட்டும் கீழே கொண்டுபோகாமல், முதுகு நேராக, இடுப்பும் முட்டியும் மடங்கி, குதிகால் தரையில் ஊன்றி நீங்களும் ஒரு ஸ்குவாட் செய்கிறீர்கள். அவர் கீழே மாட்டும்போது நீங்கள் மேலே நின்றுகொண்டிருந்தால், குனிந்து வளைந்த முதுகோடு இழுக்க வேண்டி வரும், அப்போது முதுகு போவது உங்களுக்கு. 

கண் எங்கே இருக்க வேண்டும் என்று கேட்பார்கள். எதிரில் கண்ணாடி இருந்தால் அதில் ராடு சமமாக இருக்கிறதா என்று பார்க்கலாம். இல்லை என்றால் ராடின் ஒரு முனையும் அவர் தோளும் தெரியும்படி பார்வையை வையுங்கள். ரெப் எண்ணுவதைக்கூட அவரிடமே விட்டுவிடலாம், ராடு நகரும் வேகத்தைக் கவனிப்பதுதான் உங்கள் வேலை.

எப்போது பிடிப்பது

அனுபவம் தேவைப்படும் இடம் இதுதான். கனமான ரெப் மெதுவாகத்தான் வரும். மெதுவாக வருவதைப் பார்த்துப் பயந்து கை வைத்துவிட்டால், மூன்று மாதமாக அந்த எடைக்காக உழைத்தவரின் முயற்சியைக் கெடுத்துவிடுகிறீர்கள். சர்வதேச பவர்லிஃப்டிங் விதிப்படி தொடங்கவும் முடிக்கவும் நடுவர் தரும் இரண்டு சைகைகளுக்கு நடுவே உதவியாளர் ராடையோ வீரரையோ தொட்டாலே அந்த முயற்சி செல்லாது. ஜிம்மில் நடுவர் இல்லை, இருந்தாலும் அவருக்கு அந்த ரெப் தன்னுடையதா இல்லையா என்பது முக்கியம்.

வேகம் குறைகிறது என்றால் கையை இன்னும் அருகில் கொண்டுபோங்கள், தொடாதீர்கள். பெரும்பாலும் தொடை தரைக்கு இணையாக இருக்கும் இடத்தைக் கொஞ்சம் தாண்டியதும் ராடு திணறும், அங்கே ஒரு கணம் நின்றதுபோல் இருந்து மறுபடி நகரும். முழுசாக நின்றுவிட்டது, ஒரு மூச்சு நேரம் ஆகியும் மேலே நகரவில்லை என்றால் பிடியுங்கள். ராடு ஒரு அங்குலம் கீழே திரும்பினால் அந்த மூச்சு நேரம்கூடக் காத்திருக்காமல் உடனே பிடியுங்கள், ஏனென்றால் இறங்கத் தொடங்கிய எடை ஒவ்வொரு அங்குலத்துக்கும் வேகம் பிடிக்கும். 

ராடு ஒரு பக்கம் சாய்ந்தாலோ, இடுப்பு மட்டும் வேகமாக மேலே போய் நெஞ்சு அப்படியே கீழே கவிழ்ந்து வந்தாலோ, முட்டி திடீரென்று உள்பக்கம் மடங்கினாலோ, ‘ஆ’ என்று வலிச் சத்தம் வந்தாலோ அவர் “பிடி” சொல்லும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அவர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. அதற்கு மாறாக, ஒவ்வொரு ரெப்பிலும் ராடுக்குக் கீழே இரண்டு விரலை வைத்து “வா வா வா” என்று தூக்கிவிடும் வழக்கம் நம் ஊர் ஜிம்களில் நிறைய உண்டு. அன்பாகத்தான் செய்கிறார்கள். ஆனால் தூக்குகிறவருக்குத் தன் பலம் எவ்வளவு என்று தெரியாமலேயே போய்விடுகிறது, அடுத்த வாரம் இன்னும் ஐந்து கிலோ ஏற்றுவார், அன்றைக்கு அந்த இரண்டு விரல் பின்னால் இருக்காது.

எப்படிப் பிடிப்பது

கைகளை அவர் நெஞ்சின் குறுக்கே சேர்த்து, உங்கள் நெஞ்சை அவர் முதுகில் ஒட்டி, இறுக அணைத்துக்கொள்ளுங்கள். அணைத்த அதே நொடியில் காலால் தரையைத் தள்ளி நேர் மேலே எழுங்கள். பின்பக்கமாக இழுக்காதீர்கள். ராடு அவர் நடுப்பாதத்துக்கு மேலே இருக்கும்வரைதான் அவரால் தள்ள முடியும், ஒரு சாண் பின்னால் இழுத்துவிட்டால் இரண்டு பேரும் சேர்ந்து மல்லாக்க விழ வேண்டியதுதான்.

ராடைப் பிடிக்காமல் உடம்பைப் பிடிக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தோற்கும்போது பெரும்பாலும் நெஞ்சுதான் முன்னால் கவிழும், கவிழ்ந்தால் ராடு தோளிலிருந்து கழுத்துக்கு உருளும். நெஞ்சை நிமிர்த்திப் பிடித்துவிட்டால் ராடு இருந்த இடத்திலேயே இருக்கும். பின்னால் நிற்பவர் ராடின் நடுவைப் பிடித்துத் தூக்கினால் அவருக்குக் கையின் பலம் மட்டும்தான், காலின் பலம் வராது. தூக்குகிறவரின் தோளும் மணிக்கட்டும் ராடோடு சேர்ந்து பின்னால் திருகிக்கொள்ளும். இடுப்பு பெல்ட்டைப் பிடித்துத் தூக்குவதும் அப்படித்தான், இடுப்பு மேலே போகும், நெஞ்சு இன்னும் கவிழும்.

பிடித்ததும் “பிடிச்சிட்டேன், தள்ளுங்க, விடாதீங்க” என்று காதருகில் சத்தமாகச் சொல்லுங்கள். உதவி வந்துவிட்டது என்றதும் உடம்பைத் தளரவிடுவது மனித இயல்பு. அப்படித் தளர்ந்தால் அந்த 125 கிலோவும் உங்கள் கைக்கு வந்துவிடும். இந்த ஒன்றை செட்டுக்கு முன்னாலேயே சொல்லி வையுங்கள்.

இருவரும் சேர்ந்தும் எழவில்லை என்றால் மல்லுக்கட்டாதீர்கள். நெஞ்சை நிமிர்த்திப் பிடித்தபடியே மெதுவாக அவரோடு இறங்கி ராடைச் சேஃப்டியில் உட்கார வையுங்கள். ராடு உட்கார்ந்ததும் அவர் முன்பக்கமாகக் குனிந்து வெளியே வரட்டும், நீங்கள் பின்னால் விலகுங்கள். ராடுக்கும் சேஃப்டிக்கும் நடுவே யார் விரலும் இருக்கக்கூடாது, அவருடையதும் உங்களுடையதும்.

மூன்று பேர் நிற்கும்போது

எடை உண்மையிலேயே கனம் என்றால் பின்னால் ஒருவர், இரண்டு முனைகளிலும் ஒவ்வொருவர். பவர்லிஃப்டிங் போட்டிகளில் மேடையில் குறைந்தது 2 பேர், அதிகபட்சம் 5 பேர் உதவிக்கு நிற்கலாம் என்பது சர்வதேசக் கூட்டமைப்பின் விதி. பழகிய வீரர்களுக்கே அவ்வளவு பேர் நிற்கிறார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள்.

முனையில் நிற்பவர்கள் இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே உயரம், ஒரே பலம் உள்ளவர்களாக இருந்தால் நல்லது. ராடின் முனையைப் பார்த்து நின்று, கோயிலில் பிரசாதம் வாங்குவதுபோல இரண்டு கையையும் சேர்த்துக் குவித்து, கட்டை விரல்களைப் பின்னிக்கொண்டு, முனைக்குக் கீழே ஒரு கையகலம் விட்டு, ராடு இறங்க இறங்க நீங்களும் உட்கார்ந்து எழ வேண்டும். எடை இன்னும் அதிகம் என்றால் உள்ளங்கை போதாது, முழங்கை மடிப்பில் ராடின் முனை வந்து விழும்படி நின்று அணைத்துத் தூக்குவதுதான் உறுதியான பிடி. 

பக்கவாட்டில் நிற்பவர்களுக்குப் பெரிய விதி ஒன்றுதான். ஒருவர் தொட்டால் மற்றவரும் அதே நொடியில் தொட வேண்டும். அது தவறான கணிப்பாக இருந்தாலும் சரி, இந்தப் பக்கம் கை வைத்தாகிவிட்டது என்றால் அந்தப் பக்கமும் வைத்தாக வேண்டும். ஒரு முனை மட்டும் மேலே போனால் 150 கிலோவோடு முதுகெலும்பு திருகும், தூக்க முடியாமல் உட்கார்ந்துபோவதைவிட அது மோசம். குரல் கொடுப்பவர் பின்னால் நிற்பவர் மட்டும். அவர் “பிடி” என்றதும் மூன்று பேரும் பிடிக்கிறார்கள், ராடு கொக்கியில் உட்கார்ந்து அவர் சொல்லும்வரை யாரும் கையெடுப்பதில்லை.

இதைக் கனமான எடையில்தான் முதல்முறை செய்து பார்ப்பது என்று வைத்துக்கொள்ளாதீர்கள். வெறும் ராடு, அப்புறம் 40 கிலோ, அப்புறம் 60 கிலோ வைத்து, தூக்குகிறவரை வேண்டுமென்றே பாதியில் நிற்கச் சொல்லி, “பிடி” என்று சொல்ல வைத்து, பிடித்து, ரேக்கில் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். பத்து நிமிடம் ஆகும். நான் பழகும் கூட்டத்தில் புதிதாக யார் வந்தாலும் இதை ஐந்தாறு முறை செய்த பிறகுதான் ராடு பக்கத்தில் நிற்க விடுகிறோம். 

பெண்களுக்கு சப்போர்ட் கொடுக்கும்போது

நெஞ்சைச் சுற்றிப் பிடிப்பது என்று மேலே எழுதியதை ஒரு பெண்ணிடம் கேட்காமல் எந்த ஆணும் செய்யக்கூடாது, கேட்கும்போதும் வேண்டாம் என்று சொல்ல அவருக்குச் சங்கடமாக இருக்கும் என்பதை மனதில் வையுங்கள். அதனால் நானாகவே முதலில் “ரெண்டு பக்கமும் ஆள் நிக்கட்டுமா, இல்ல வேற யாராவது பொண்ணு பின்னாடி நிக்கிறாங்களா?” என்று கேட்பேன். சேஃப்டியைச் சரியான உயரத்தில் வைத்து, இரண்டு முனையிலும் இரண்டு பேர் நின்றாலே யாரும் யார்மேலும் கை வைக்காமல் நல்ல பாதுகாப்பு கிடைத்துவிடும். இந்தக் கூச்சத்தினாலேயே சப்போர்ட் கேட்காமல் தனியாகக் கனம் தூக்கும் பெண்கள் நிறைய இருக்கிறார்கள். மாஸ்டராக இருப்பவர்கள் இதைத் தாங்களாகவே ஏற்பாடு செய்ய வேண்டும், அவர்கள் வந்து கேட்கட்டும் என்று காத்திருப்பது சரியில்லை.

திரும்ப வைக்கும் நேரம்

கடைசி ரெப் முடிந்து அவர் நிமிர்ந்து நின்றதும் “சூப்பர்” என்று கைதட்டிவிட்டு விலகிப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு அடிவயிறு கலங்கும். அந்த நேரத்தில்தான் அவர் மிகவும் பலவீனமாக இருக்கிறார். மூச்சை அடக்கி அழுத்திவிட்டு வெளியே விட்டதும் சிலருக்குக் கண் இருட்டும், கால் நடுங்கும், இரண்டு மூன்று அடி முன்னால் போய் ராடைக் கொக்கியில் வைப்பதே பெரிய வேலையாக இருக்கும்.

அவரோடு சேர்ந்து முன்னால் நடங்கள், கை அதே இடத்தில் இருக்கட்டும். ராடு ரேக்கின் நேர்க் கம்பியில் இடிக்கும்வரை நடக்க வேண்டும், இடித்த பிறகுதான் இறக்க வேண்டும். இரண்டு கொக்கியையும் நீங்கள் கண்ணால் பார்த்து “ரெண்டும் உள்ள இருக்கு” என்று சொன்ன பிறகு அவர் இறக்கட்டும். ஒரு பக்கம் மட்டும் கொக்கியில் மாட்டி இன்னொரு பக்கம் நழுவுவது ஸ்குவாட்டில் அடிக்கடி நடக்கும் தவறுகளில் ஒன்று. 

பிளேட்டைக் கழற்றும்போதும் ஒரு பக்கம் முழுவதையும் கழற்றிவிட்டு மறுபக்கம் போகாதீர்கள். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மாறி மாறி. இல்லையென்றால் கனமான பக்கம் ராடை அப்படியே சுழற்றி அடிக்கும், பக்கத்தில் நிற்பவர் முகத்துக்குத்தான் அது வரும்.

விபத்து நடந்துவிட்டால்

ராடு கழுத்திலோ முதுகிலோ விழுந்துவிட்டால், முதலில் இரண்டு மூன்று பேராக ராடை நேர் மேலே தூக்கி அப்புறப்படுத்துங்கள், அவர் மேல் உருட்டாதீர்கள். அதற்குப் பிறகு அவரைத் தூக்கி உட்கார வைக்காதீர்கள். நம் ஊரில் யாராவது விழுந்தால் உடனே கையைக் காலைப் பிடித்துத் தூக்கி, தண்ணீர் கொடுத்து, உதறிவிடுவோம். கழுத்து எலும்பில் அடி என்றால் அந்தத் தூக்குதலே ஆளை முடமாக்கிவிடலாம். தலை அசையாதபடி ஒருவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளட்டும், இன்னொருவர் 108-க்குப் போன் செய்யட்டும். மூச்சு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். மூச்சு இல்லை என்றால் கழுத்தைப் பற்றிய பயத்தை ஒதுக்கிவிட்டு மார்பை அழுத்தும் முதலுதவியைத் தொடங்கியாக வேண்டும். நினைவு இருந்தால் கை கால் விரல்களை அசைக்க முடிகிறதா, மரத்துப்போன உணர்வு இருக்கிறதா என்று கேளுங்கள். “ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கேன்” என்று அவரே எழப் பார்த்தாலும், கழுத்தில் வலி என்றாலோ மரத்துப்போகிறது என்றாலோ ஆம்புலன்ஸ் வரும்வரை படுத்தே இருக்கச் சொல்லுங்கள்.

எந்தப் பிரச்சினையும் இல்லாமல் செட் முடிந்த நாட்களில் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அவர் மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பி “நீங்க தொட்டீங்களா?” என்று கேட்பார். தொட்டிருந்தால் தொட்டேன் என்று சொல்லுங்கள், எந்த ரெப்பில், எவ்வளவு என்பதையும். அவர் மனது நோகக்கூடாது என்று “இல்லண்ணா, எல்லாம் நீங்கதான்” என்று சொல்லிவிட்டால், அடுத்த செட்டுக்கு அவர் பிளேட் ஏற்றுவது அந்தப் பதிலை நம்பித்தான்.